ரோகிணிக்கு அருகே ஒரு தூசு வளையம்: இளம் இரட்டை விண்மீன்களை அகச்சிவப்புப் படங்களில் ஆராய முழு வழிகாட்டி

விண்மீன்களில் கணிசமானவை தனியாகப் பிறப்பதில்லை. இடப ராசித் திசையில் உள்ள இளம் விண்மீன்களை அகச்சிவப்பில் ஆராய்ந்து 1993-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள், சூரியன் போன்ற முதிர்ந்த விண்மீன்களைவிட அங்கே இரட்டைகள் ஏறத்தாழ இரு மடங்கு அதிகம் என்று காட்டின. பிறந்து சில பத்து லட்சம் ஆண்டுகளே ஆன இந்த இணைகளைச் சுற்றித் தூசும் வாயுவும் வட்டுகளாகச் சுழல்கின்றன. கோள்கள் உருவாவது அந்தத் தூசிலிருந்துதான்.

இவற்றை ஆராயப் பெரிய ஆய்வகம் வேண்டும் என்று நம் கல்லூரி மாணவர்கள் நினைக்கிறார்கள். விண்வெளித் தொலைநோக்கிகள் எடுத்த மூலத் தரவுகள் பெரும்பாலும் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் நிலையில் இருக்கின்றன. தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு சாதாரண மடிக்கணினியும் ஓரளவு நிலையான இணையமும் இருந்தால் போதும். பிளஸ் டூ இயற்பியல் தெரிந்த எவரும் இந்த வழிகாட்டியைப் பின்பற்றலாம். ரோகிணிக்கு அருகே தெரியும், தூசு வளையம் சூழ்ந்த ஜிஜி டௌரி என்ற இளம் இரட்டையை மட்டும் இலக்காக வைத்துத் தொடக்கம் முதல் கடைசி வரை பின்தொடரப்போகிறோம். பல இலக்குகளை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒன்றை முழுதாக அளந்து முடிப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

முதலில், ஏன் அகச்சிவப்பு?

காரணங்கள் இரண்டு. இரண்டையும் எண்களோடு புரிந்துகொண்டால்தான் பின்னால் வரும் படிகள் விளங்கும்.

முதல் காரணம், தூசு ஒளியை மறைக்கும் விதம். விண்மீனிடைத் தூசு கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைக்கும் அளவைப் பொலிவெண்ணில் (பிரகாசத்தைக் குறிக்கும் எண்; எண் கூடக்கூட மங்கல்) சொன்னால், 2.2 மைக்ரான் அலைநீளத்தில் மறைப்பு அதில் ஒன்பதில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 20 பொலிவெண் மறைப்பு இருந்தால், 10 கோடியில் ஒரு பங்கு ஒளியே நம்மை எட்டும். அதே தூசைத் தாண்டி 2.2 மைக்ரானில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு வந்துவிடும். பிற்பாடு இளம் விண்மீன்களின் ஒரு வகைக்கே பெயர் கொடுத்த டி டௌரியை நூற்றாண்டுக்கு மேலாகத் தனி விண்மீனாகவே கருதினார்கள். 1982-இல் அகச்சிவப்பில் பார்த்தபோதுதான் அதன் தெற்கே 0.7 ஆர்க் செகண்டு (ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆர்க் செகண்டு) தொலைவில் ஒரு துணை இருப்பது தெரிந்தது. அந்தத் துணை கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இன்றுவரை பிடிபடவில்லை. பிறகு அதுவும் ஓர் இரட்டை என்று தெரியவந்தது.

இரண்டாவது, வெப்பநிலை. 2898-ஐக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால், ஒரு பொருள் எந்த அலைநீளத்தில் அதிகம் ஒளிர்கிறது என்பது மைக்ரானில் கிடைக்கும். 3800 கெல்வின் விண்மீனுக்கு 0.76 மைக்ரான். ஆவியாகும் விளிம்பில் இருக்கும் 1500 கெல்வின் தூசுக்கு ஏறத்தாழ 1.9 மைக்ரான். 300 கெல்வின் தூசுக்கு ஏறத்தாழ 10 மைக்ரான். ஆக, ஒவ்வொரு அலைநீளமும் வட்டின் வெவ்வேறு பகுதியைக் காட்டுகிறது.

இலக்கை வானத்தில் அடையாளம் காணுங்கள்

தரவு ஆய்வுக்கு இந்தப் படி கட்டாயமில்லை. ஆனாலும் செய்யச் சொல்வேன். திரையில் அளக்கும் பொருள் தலைக்கு மேலே எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வேலை செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பொங்கலை ஒட்டிய இரவுகளில் ஒன்பது மணிவாக்கில் ரோகிணி நம் மாவட்டங்களில் உச்சிக்கு மிக அருகே இருக்கும். அதற்கு வடமேற்கே ஏறத்தாழ ஒன்றேகால் டிகிரியில் ஜிஜி டௌரி இருக்கிறது. ரோகிணி 65 ஒளியாண்டு தொலைவில் உள்ள முன்புற விண்மீன். ஜிஜி டௌரி அதற்கு வெகு பின்னால், ஏறத்தாழ 145 பார்செக், அதாவது சுமார் 470 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. பொலிவெண் 12-ஐ ஒட்டியது என்பதால் எட்டு அங்குலத் தொலைநோக்கி வேண்டும். பார்க்கும்போது ரோகிணியைக் காட்சிப் புலத்துக்கு வெளியே தள்ளி வையுங்கள்.

ஓசூர், பெங்களூரு வெளிச்சம் கிருஷ்ணகிரியின் வடமேற்கு வானத்தைக் கெடுக்கிறது. அரூர், தீர்த்தமலை, ஊத்தங்கரைப் பக்கம் போனால் வானம் கருமையாக இருக்கும். டி டௌரி இதைவிடப் பிரகாசமானது. ரோகிணிக் கூட்டத்தின் வி வடிவத்தில் ரோகிணிக்கு எதிர் முனையில் உள்ள விண்மீனுக்கு மேற்கே ஏறத்தாழ ஒன்றரை டிகிரியில், பொலிவெண் 10 அளவில், சிறிய தொலைநோக்கியிலேயே கிடைக்கும்.

பிரிதிறன் கணக்கைப் போட்டுவிட்டுத் தரவைத் தேடுங்கள்

தொலைநோக்கி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய கோணம், 1.22 பெருக்கல் அலைநீளம் வகுத்தல் கண்ணாடியின் விட்டம். விடை ரேடியனில் வரும். 206265-ஆல் பெருக்கினால் ஆர்க் செகண்டு.

ஜிஜி டௌரி ஏ என்னும் இணையின் இடைவெளி ஏறத்தாழ 0.25 ஆர்க் செகண்டு. அதிலிருந்து 10 ஆர்க் செகண்டு தெற்கே பி என்னும் இன்னொரு இணை இருக்கிறது. இப்போது கருவிகளைச் சோதியுங்கள். 40 சென்டிமீட்டர் கண்ணாடி கொண்ட வைஸ் விண்கலத்துக்கு 22 மைக்ரானில் கணக்குப்படி ஏறத்தாழ 14 ஆர்க் செகண்டு வருகிறது. எனவே ஏ, பி இரண்டும் ஒரே பொட்டாகக் கலந்துவிடும். 1997 முதல் 2001 வரை வானம் முழுவதையும் படமெடுத்த டூமாஸ் ஆய்வில், வளிமண்டலக் கலக்கமும் பெரிய பிக்சலும் சேர்ந்து இரண்டு மூன்று ஆர்க் செகண்டு வரை மங்கும். அங்கே ஏ தனியாகவும் பி தனியாகவும் தெரியும். அவற்றின் உள்ளே இருப்பது தெரியாது. ஹபிளின் 2.4 மீட்டர் கண்ணாடிக்கு 1.1 மைக்ரானில் ஏறத்தாழ 0.12 ஆர்க் செகண்டு. ஏ இரண்டாகப் பிரிந்துவிடும். ஆக நமக்கு வேண்டியது ஹபிளின் நிக்மாஸ் என்ற அகச்சிவப்புக் கேமரா எடுத்த படம்.

இந்தக் கணக்கைப் போடாமல் கையில் கிடைத்த தரவை இறக்குபவர்கள் வாரக்கணக்கில் நேரத்தை வீணாக்குகிறார்கள்.

தரவை இறக்குதல்

இரண்டு காப்பகங்கள் போதும். கால்டெக் நடத்தும் இர்சா காப்பகத்தில் ஃபைண்டர் சார்ட் என்ற சேவை இருக்கிறது. இலக்கின் பெயரைக் கொடுத்தால் ஒளியியல் படம், டூமாஸ், வைஸ் ஆகியவற்றை ஒரே அளவில் அடுத்தடுத்துக் காட்டும். ஒரே இடம் அலைநீளம் மாற மாற எப்படி மாறுகிறது என்பதை முதலில் இங்கே நிதானமாகப் பாருங்கள்.

அடுத்தது ஹபிள், ஜேம்ஸ் வெப் தரவுகளை வைத்திருக்கும் மாஸ்ட் காப்பகம். ஜிஜி டௌரி என்று தேடி, கருவி நிக்மாஸ் என்று வடிகட்டுங்கள். பட்டியலில் ஒவ்வொரு பதிவுக்கும் பல கோப்புகள் இருக்கும். பெயர் 'ரா' என்று முடிந்தால் திருத்தாத மூலம், 'கால்' என்று முடிந்தால் இருட்டுப் பதிவு கழித்துச் சமப்படுத்தியது, 'மோஸ்' என்றால் பல படங்களை இணைத்தது. நமக்குக் 'கால்' வேண்டும். ஜேம்ஸ் வெப் படங்களுக்கு 'ஐ2டி' என்று முடியும் கோப்பை எடுங்கள். அவை மிகப் பெரியவை. வீட்டு இணையம் மெதுவாக இருந்தால் கூகுள் கோலாப் போன்ற இணையக் கணினியில் இறக்கி, வேண்டிய சிறு பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளலாம்.

இலக்கை மட்டும் இறக்கினால் பாதி வேலைதான். அதே கேமரா, அதே வடிகட்டியில் எடுத்த, தூசு இல்லாத தனி விண்மீன் ஒன்றின் படத்தையும் சேர்த்து இறக்குங்கள். அதன் நிறம் இலக்கின் நிறத்துக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். தேதியும் நெருக்கமாக இருந்தால் இன்னும் நல்லது. இதன் பயன் சற்று நேரத்தில் தெரியும்.

படத்தைத் திறந்ததும் செய்யவேண்டியவை

டிஎஸ்9 என்ற இலவச மென்பொருளில், இறக்கிய ஃபிட்ஸ் (வானியல் பட வடிவம்) கோப்பைத் திறங்கள். ஒளி அளவுகோலை மடக்கைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் நடுவில் வெள்ளைப் பொட்டைத் தவிர எதுவும் தெரியாது. கோப்பின் தலைப்புக் குறிப்பில் தேதி, வடிகட்டி, பதிவு நேரம், வடக்கு எந்தப் பக்கம் என்பவை இருக்கும். அவற்றை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிக்சல் அளவையும் பாருங்கள்: நிக்மாஸின் முதல் கேமராவில் 0.043, இரண்டாவதில் 0.076 ஆர்க் செகண்டு. முதலாவதில் நம் இணையின் இடைவெளி ஏறத்தாழ ஆறு பிக்சல், இரண்டாவதில் மூன்றுக்குச் சற்று மேல்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பிரகாசமான விண்மீனின் நடுவில் உணரி நிரம்பி வழிந்துவிட்டால், அந்தப் பிக்சல்களை மென்பொருள் நீக்கிவிடும். ஜேம்ஸ் வெப் படங்களில் விண்மீனின் நடுவே கருப்புத் துளை தெரிவது பெரும்பாலும் இதனால்தான். அதை வட்டின் நடுவிலுள்ள வெற்றிடம் என்று எண்ணிவிடாதீர்கள்.

விண்மீனின் ஒளியைக் கழித்தல்

வேலையின் மையம் இதுதான். அவசரப்படக் கூடாது.

எந்தத் தொலைநோக்கியும் விண்மீனைப் புள்ளியாகக் காட்டாது. நடுவில் ஒரு பொட்டு, சுற்றிலும் வளையங்கள், கண்ணாடியையும் அதைத் தாங்கும் கம்பிகளையும் பொறுத்துக் கதிர்முட்கள் என ஒளி பரவி விழும். ஹபிளில் நான்கு முட்கள். ஜேம்ஸ் வெப்பில் ஆறு பெரிய முட்கள், இரண்டு சிறியவை. தூசு சிதறடிக்கும் ஒளி விண்மீனைவிட மிக மிக மங்கல் என்பதால் இந்தப் பரவலுக்குள் மூழ்கிவிடும். பரவலைக் கழித்தால்தான் தூசு வெளிவரும். முன்பு இறக்கிய ஒப்பீட்டு விண்மீன் இதற்குத்தான்.

ஆஸ்ட்ரோபை, ஃபோட்யூடில்ஸ் ஆகிய பைத்தான் தொகுப்புகள் போதும். முதலில் ஒப்பீட்டு விண்மீனின் மையத்தை ஒரு பிக்சலின் பத்தில் ஒரு பங்குக்கும் துல்லியமாகக் கண்டுபிடியுங்கள். பின்புல ஒளியை இரண்டு படங்களிலிருந்தும் நீக்குங்கள். நம் இலக்கில் இரண்டு விண்மீன்கள் இருப்பதால் ஒப்பீட்டுப் படத்தின் இரண்டு நகல்கள் வேண்டும். ஒவ்வொரு நகலுக்கும் இடம் இரண்டு எண், பிரகாசம் ஓர் எண். மொத்தம் ஆறு எண்கள். அவற்றை மாற்றி மாற்றி, கழித்தபின் மிஞ்சும் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் நிலையைத் தேடுங்கள். அந்தக் கணக்கில் வளையம் இருக்கும் பகுதியைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால், வளையத்தின் ஒளியையும் விண்மீனின் ஒளியாகக் கருதிக் கழித்துவிடும்.

கழித்த படத்தில் மையத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றே கால் முதல் இரண்டு ஆர்க் செகண்டு தொலைவுக்குள் நீள்வட்ட வளையம் தெரிய வேண்டும். 1994-இல் மில்லிமீட்டர் அலைகளிலும், 1996-இல் வளிமண்டலக் கலக்கத்தை உடனுக்குடன் சரிசெய்யும் தகவமை ஒளியியல் கொண்டு அண்மை அகச்சிவப்பிலும் வானியலாளர்கள் படமெடுத்த அதே வளையம்.

தெரிவது உண்மையா என்று எப்படி உறுதி செய்வது? விண்கலம் வேறு கோணத்தில் திரும்பியிருந்தபோது எடுத்த படம் இருக்கிறதா என்று பாருங்கள். வானத்தில் உள்ளது வடக்கை ஒட்டியே நிற்கும். தொலைநோக்கியால் வந்த முட்களும் கறைகளும் தொலைநோக்கியோடு சேர்ந்து திரும்பும். இரண்டு கோணங்களிலும் வானத்தின் ஒரே இடத்தில் நிற்பதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். வேறொரு ஒப்பீட்டு விண்மீனை வைத்தும் ஒருமுறை செய்து பாருங்கள். இரண்டிலும் நிற்காத எந்த அழகான சுருளையும் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

வளையத்தின் வடபகுதி தென்பகுதியைவிடப் பிரகாசமாக இருக்கும். அங்கே தூசு அதிகம் என்று அர்த்தமில்லை. அதிகாலைப் பனியில் தொப்பூர் கணவாயில் எதிரே வரும் லாரியின் விளக்கைச் சுற்றிப் பனி பளபளக்கிறது. நம் பின்னாலிருந்து விழும் வெளிச்சத்தில் அவ்வளவு பளபளப்பு இல்லை. சிறு துகள்கள் ஒளியை முன்னோக்கியே அதிகம் சிதறடிக்கின்றன. வளையம் சாய்ந்திருக்கிறது, வடபகுதி நம் பக்கம் இருப்பதால் விண்மீன் ஒளி அதைத் தாண்டி நம்மை நோக்கி வருகிறது.

அளவுகளும் ஒரு புதிரும்

கழித்தலில் கிடைத்த ஆறு எண்களிலிருந்தே இணையின் இடைவெளியும் பிரகாச விகிதமும் கிடைத்துவிடும். திசைக்கோணத்தை வடக்கிலிருந்து கிழக்கு நோக்கி அளக்க வேண்டும். வானப் படத்தில் வடக்கு மேலே இருந்தால் கிழக்கு இடப்பக்கம் வரும் என்பதை மறக்காதீர்கள்.

ஆர்க் செகண்டைப் பார்செக்கால் பெருக்கினால் நேராக வானியல் அலகு (சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தொலைவு) கணக்கில் விடை கிடைக்கும். 0.25 பெருக்கல் 145, ஏறத்தாழ 36. சூரியனிலிருந்து நெப்டியூனுக்குள்ள தொலைவைவிடச் சற்று அதிகம். இணையின் மொத்த நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்கு என்று கொண்டால், கெப்ளரின் மூன்றாம் விதிப்படி 36-இன் கனத்தை 1.3-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். சுற்றுக்காலம் ஏறத்தாழ 190 ஆண்டுகள் வரும். வட்டப் பாதையை நேர் மேலிருந்து பார்ப்பதாகக் கொண்டால் ஆண்டுக்கு 2 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் திரும்ப வேண்டும். இருபது ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் இந்தச் சுழற்சி தெளிவாகத் தெரியும். அருகில் தெரியும் புள்ளி தற்செயலாகப் பின்னால் நிற்கும் விண்மீனா, உண்மைத் துணையா என்பதையும் இதே வழியில்தான் முடிவு செய்கிறோம். பின்னால் நிற்பது இலக்கோடு சேர்ந்து நகராது.

இங்கேதான் புதிர். இரட்டை விண்மீனின் ஈர்ப்பு, தன்னைச் சுற்றிய வட்டின் உட்பகுதியைத் துடைத்து வெற்றிடமாக்கும். அந்த வெற்றிடம் சுற்றுப்பாதையின் அரை நெட்டச்சைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்று 1994-இல் ஆர்ட்டிமோவிச், லூபோ இருவரின் கணக்கீடு காட்டியது. 36-ஐ மூன்றால் பெருக்கினாலும் 108 வானியல் அலகுதான். ஆனால் வளையம் தொடங்குவதோ ஏறத்தாழ 180-இல். அது 260 வரை நீள்கிறது. இடைவெளியை அளந்ததில் பிழையா? இல்லை. நாம் அளந்தது வானத் தளத்தில் விழும் நிழல் நீளம். உண்மையான இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கலாம். சுற்றுப்பாதையும் வளையமும் ஒரே தளத்தில் இல்லாமல் சாய்ந்திருந்தால் உண்மையான பாதை இன்னும் பெரிதாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களுள் ஒன்று. 2014-இல் இந்த இணையின் ஒரு விண்மீனே, ஏறத்தாழ 4.5 வானியல் அலகு இடைவெளியில், ஓர் இரட்டை என்று தெரிந்தது. பி இணையையும் சேர்த்து மொத்தம் ஐந்து விண்மீன்கள். அதே ஆண்டு ஆல்மா தொலைநோக்கி, வளையத்திலிருந்து வெற்றிடத்தைக் கடந்து உள்ளே வாயு பாய்வதைக் காட்டியது. விண்மீன்களை ஒட்டியுள்ள உள்வட்டுகளுக்கு வெளியிலிருந்து தீனி கிடைக்கிறது.

இந்த முரண்பாட்டை உங்கள் சொந்த அளவீட்டிலிருந்தே கண்டுகொள்ள முடியும். இந்த இலக்கை நான் பரிந்துரைக்க அதுவே முதல் காரணம்.

விண்மீனா, தூசா? நிறத்தைக் கேளுங்கள்

படத்தில் தெரியாத உள்தூசை வரைபடத்தில் பிடிக்கலாம். டூமாஸ் பட்டியலிலிருந்து ஜே, எச், கே என்ற மூன்று அகச்சிவப்புப் பட்டைகளின் பொலிவெண்களையும், வைஸ் பட்டியலிலிருந்து 3.4, 4.6, 12, 22 மைக்ரான் பொலிவெண்களையும் எடுங்கள். பொலிவெண் சுழியத்துக்குரிய பாய்வுகள் (நம்மை வந்தடையும் ஒளியின் அளவு; அதன் அலகு ஜான்ஸ்கி) டூமாஸுக்கு 1594, 1024, 666.7 ஜான்ஸ்கி, வைஸுக்கு 309.5, 171.8, 31.7, 8.36 ஜான்ஸ்கி. பொலிவெண்ணை 2.5-ஆல் வகுத்து, அதன் எதிர்க்குறியைப் பத்தின் அடுக்காக்கி, இந்த எண்ணால் பெருக்கினால் பாய்வு. பாய்வை அலைநீளத்தால் வகுத்து, இரு அச்சுகளையும் மடக்கையாக்கி வரையுங்கள்.

3800 கெல்வின் விண்மீன் மட்டும் இருந்தால் கோடு 2.2-லிருந்து 22 மைக்ரானுக்குப் போகையில் நூற்றுக்கணக்கான மடங்கு சரிய வேண்டும். ஜிஜி டௌரியில் அப்படிச் சரியாது. கோட்டுக்கு மேலே நிற்கும் அத்தனையும் சூடான தூசின் வெளிச்சம். இரண்டு விஷயங்களில் கவனம் தேவை: 22 மைக்ரானில் ஏ, பி இரண்டும் கலந்திருக்கின்றன, 3.4 மைக்ரானில் இவ்வளவு பிரகாசமான விண்மீனுக்கு வைஸ் உணரி நிரம்பத் தொடங்குகிறது. இவற்றை வரைபடத்திலேயே குறித்துவையுங்கள்.

வண்ணப் படம் செய்வது கடைசி வேலை. குறைந்த அலைநீளத்துக்கு நீலம், நடுவுக்குப் பச்சை, நீண்டதற்குச் சிவப்பு. எந்த வடிகட்டிக்கு எந்த நிறம் என்று படத்தின் கீழேயே எழுதுங்கள். நிறம் தீட்டிய கோப்பில் எதையும் அளக்காதீர்கள்.

அடுத்து எங்கே?

எச்கே டௌரியில் இடைவெளி 2.4 ஆர்க் செகண்டு. துணை விண்மீனின் வட்டு பக்கவாட்டில் தெரிவதால் நடுவே கரிய கோடு ஓடும். யுஒய் ஆரிகே 0.9 ஆர்க் செகண்டு இடைவெளியுள்ள, இரண்டையும் சுற்றிய வட்டு கொண்ட இணை. தாரைகளைப் பார்க்க விரும்பினால், ஜேம்ஸ் வெப் 2023 ஜூலையில் வெளியிட்ட ஹெர்பிக்-ஹாரோ 46/47-ஐ எடுங்கள். 1470 ஒளியாண்டு தொலைவில், தூசுக்குள் புதைந்த ஓர் இணை இருபுறமும் வாயுவைப் பீய்ச்சுகிறது. 4.7 மைக்ரானில் உள்ள குறும்பட்டை வடிகட்டி, அதிர்ச்சியில் சூடான ஹைட்ரஜன் மூலக்கூறைத் தனியாகக் காட்டும். அந்தப் படத்திலிருந்து அகலப்பட்டைப் படத்தைக் கழித்துப் பார்த்தால் தாரையும் தூசு சிதறடித்த ஒளியும் பிரிந்துவிடும்.

சொந்தமாகப் படமெடுக்க ஆசைப்படுபவர்களுக்கு: சாதாரண கேமராக்களின் சிலிக்கான் உணரி 1.1 மைக்ரானோடு நின்றுவிடும். இந்த வேலைக்குப் போதாது. நமக்கு மிக அருகில், ஆலங்காயம் வழியாகப் போகும் ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இருக்கிறது. 725 மீட்டர் உயரம், ஈரக்காற்று என்பதால் நீண்ட அகச்சிவப்புக்கு அந்த இடம் உகந்ததல்ல. ஆனாலும் அவசியம் போய்ப் பாருங்கள்; பார்வையாளர் நாள்களை இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தளத்தில் தெரிந்துகொள்ளலாம். அகச்சிவப்புக்கு நம் நாட்டில் 4500 மீட்டர் உயரத்து லடாக் ஹான்லே, மவுண்ட் அபுவின் குருசிகரம், நைனிடால் அருகே தேவஸ்தலில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் டிர்காம்-2 கேமரா பொருத்தப்படும் 3.6 மீட்டர் தொலைநோக்கி ஆகியவை இருக்கின்றன. தரையிலிருந்து எடுக்கும்போது வானமே அகச்சிவப்பில் ஒளிர்வதால், தொலைநோக்கியைச் சில ஆர்க் செகண்டு நகர்த்தி நகர்த்திப் பல குறும்பதிவுகள் எடுத்து, அவற்றிலிருந்தே வான ஒளியைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். நேரம் கேட்டு விண்ணப்பிக்கும்போது, இலக்கு எது, எந்த வடிகட்டி, எவ்வளவு நேரம், எந்தப் பிரிதிறன், காப்பகத் தரவில் ஏற்கெனவே என்ன அளந்தீர்கள் என்பவற்றைத்தான் கேட்பார்கள். மேலே சொன்ன படிகளை நோட்டில் தேதியோடு எழுதி முடித்திருந்தால், உங்கள் கல்லூரிப் பேராசிரியரோடு சேர்ந்து அந்த விண்ணப்பத்தின் முதல் வரைவை எழுதத் தொடங்கலாம்.